கரகரப்ரியா கடைசியில்

அடுத்த கச்சேரியில் என்ன வாசிப்பது என்ற பேச்சு வந்தாலே உமாதேவிக்கு எழுந்து போய்விடலாம் என்றிருக்கும். அந்த வருடம் தை மாதத்திலிருந்து அப்படித்தான். அதற்கு முன்பு அவளுக்கு ரொம்பப் பிடித்ததே அந்தப் பேச்சுதான்.

அவர்கள் நாலு பேர். உமாதேவி கிளாரினெட். அவள் கணவர் விஜயசங்கர் ஆல்ட்டோ சாக்ஸபோன். கடையநல்லூர் முகம்மது சலீம் புல்லாங்குழல். பாவூர்சத்திரம் இசக்கிமணி அண்ணாச்சி டெனர் சாக்ஸபோன். அது ஆல்ட்டோவைவிடப் பெரியது, அடிக்குரலில் பேசுவது. மிருதங்கம் கிடையாது, தவில் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஊதுகிற வாத்தியங்கள் நாலும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போகவேண்டும். கல்யாண மண்டபங்களில் முதலில் "தாளத்துக்கு ஆள் வரலையா?" என்று கேட்பார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். தென்காசி வட்டாரத்தில் விஜயசங்கர் குரூப் என்றால் தெரியும்.

பாட்டை நாலு குரலுக்கும் பிரித்து எழுதுகிறவள் உமாதேவி. அதனால் என்ன வாசிப்பது என்பதும் அவளிடமிருந்துதான் புறப்படும். குற்றாலத்தில் சீசன் சமயம் ஒரு ரசிகர் மன்றம் இவர்களைக் கூப்பிட்டிருந்தது. பந்திக்குப் பக்கவாத்தியமாக அல்ல, கேட்பதற்கென்றே வந்து உட்காருகிறவர்கள் முன்னால் முழுக் கச்சேரி. அதற்கான உருப்படிகளை அவள் படித்துக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு மாடிக் கொட்டகையின் தகரம் ஆடிக் காற்றில் தடதடத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இது கல்யாண வீட்டுல வாசிக்கதுலா?" என்றான் சலீம். வளைகுடாவில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஊரிலேயே சர்வீஸ் கடை வைத்திருந்தான். அங்கே இருந்தபோது அறையில் ஊதக்கூடாது என்பதற்காகக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாதகம் செய்தவன். "எல்லாம் நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். ஒரு ராகத்தையாவது நின்னு வாசிக்க வேண்டாமா?"

"சின்னச் சின்னதா இருந்தா கேக்கவங்களுக்கு அலுக்காது."

"கேக்கவங்களுக்கா, உங்களுக்கா?"

"ஏலே, மெதுவா பேசு" என்றார் இசக்கிமணி. காலையில் பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளியும் கத்தரிக்காயும் ஏலம் கூறுகிறவர். அவர் மெதுவாகச் சொல்வதே தெருவுக்குக் கேட்கும். "ஆனா அவன் சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு தாயி. முன்ன விஜயன் மேல போய் ஒரு பிடி பிடிச்சாம்னா எல்லாவனும் எலைய விட்டுட்டு நிமிந்து பாப்பான். இப்ப அந்த எடமெல்லாம் கிளாரினெட்டுக்குப் போயிட்டு."

"அதைத்தான் நானும் சொல்ல வாரேன். குரூப்பு அண்ணன் பேருல இருக்கு. அண்ணனுக்குக் கீழயே வேலை. மேல உள்ளதெல்லாம் அக்காவுக்கு. எழுதுதது அக்காதான?" என்றான் சலீம்.

உமாதேவி கணவரைப் பார்த்தாள். அவர் சாக்ஸபோனின் வாய்ப்பகுதியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"அவ எழுதிட்டா எழுதினதுதான். நான் என்ன சொல்ல?" என்று சிரித்தார் விஜயசங்கர்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். உமாதேவியும் சிரிக்க வேண்டியதாயிற்று.

தை மாதம் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது விஜயசங்கரின் வாயிலிருந்து தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. முகவாதம் என்றார் திருநெல்வேலி டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். மாசி முடிவதற்குள் முகம் நேராகிவிட்டது. யாரும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சாக்ஸபோனை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் ஊதினால் உதட்டின் இடது ஓரம் விட்டுப்போகும். காற்று அந்த வழியாகச் சீறும். கீழ் ஸ்வரங்களில் சமாளித்துவிடலாம். மேல் ஸட்ஜமத்துக்கு உதட்டை இறுக்கினால் நிற்காது. "நரம்பு திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பொறுத்துத்தான் பாக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரு தனியார் பள்ளியில் பேண்ட் மாஸ்டர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. ஊத முடியாத பேண்ட் மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? பள்ளியில் விடுப்பு எடுத்தார். குரூப்பில் உள்ளவர்களுக்குப் பல் வைத்தியம் என்று சொல்லி ஒரு மாதம் ஒத்திகையைத் தள்ளினார். "உமா, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். அண்ணாச்சிக்குக்கூடத் தெரியக்கூடாது. அவரு வாயத் தொறந்தா சந்தைக்கே தெரிஞ்சிரும். சத்தியம் பண்ணு" என்றார். அவள் அவர் தலையில் கை வைத்துச் செய்துகொடுத்தாள். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. உடம்பு சரியில்லாத மனுஷன் கேட்கிறார், அவ்வளவுதான்.

அதன்பிறகு அவள் எழுதியதெல்லாம் அந்த உதட்டை வைத்துத்தான். ஒரு உருப்படியை எடுத்தால் முதலில் பார்ப்பது ராகத்தையோ அழகையோ அல்ல. ஆல்ட்டோ எங்கே மேலே போகிறது, எத்தனை நேரம் விடாமல் ஊதவேண்டும், நடுவில் மூச்சுவிட இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். மேலே போகும் இடத்தைத் தன் கிளாரினெட்டுக்கு மாற்றுவாள். மாற்ற முடியாவிட்டால் அந்தப் பாட்டையே விட்டுவிடுவாள். விட்ட பாட்டுகள் எல்லாம் நல்ல பாட்டுகள். மிஞ்சியவற்றை மற்றவர்கள் முன்னால் படித்து, இவைதான் தனக்குப் பிடித்தவை என்றும் சொல்லியாக வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு மற்றவர்கள் போனபிறகு அவள் கேட்டாள்.

"நான் உங்களுக்காகத்தான எழுதுதேன்? அவன் அப்படிச் சொல்லும்போது நீங்களும் சேர்ந்து சிரிக்கீங்க."

"வேற என்ன சொல்லச் சொல்லுத? எனக்கு ஊத வரலன்னா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவ பேராசக்காரிங்கிற மாதிரி பேசாம இருந்தா போதும்."

"அவங்க அப்படி நினைச்சா உனக்கு என்ன நஷ்டம்? கொஞ்ச நாள்தான. இது சரியானதும் எல்லாம் சரியாயிரும்."

"எனக்கு மூச்சு முட்டுதுங்க."

அவர் கண்ணாடி முன்னால் போய் நின்று, டாக்டர் சொன்னபடி கன்னத்தை உப்பி உதட்டைக் குவித்துப் பயிற்சி செய்யத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போய் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததும் மறுபடி கோபம் வந்தது. தினமும் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ரசிகர் மன்றச் செயலாளர் பிச்சுமணி வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கொண்டுவந்திருந்தார். கடையம் பக்கம் நிலபுலன் உள்ளவர், நல்ல காது உள்ளவர். அன்று ஒத்திகைக்குச் சலீமும் இசக்கிமணியும்கூட வந்திருந்தார்கள்.

"விஜயசங்கர், பத்து வருஷம் முன்னாடி இலஞ்சியில ஒரு கல்யாணத்துல கரகரப்ரியா வாசிச்சேளே, ஞாபகம் இருக்கா? சாப்பிட எழுந்தவன் நான், எழுந்த இடத்துலயே நின்னுட்டேன். இன்னும் காதுல இருக்கு. நம்ம மன்றத்துல அதை விஸ்தாரமா வாசிக்கணும். ஆலாபனை முழுசா நீங்கதான் பண்ணணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

உமாதேவி வாயைத் திறப்பதற்குள் விஜயசங்கர், "கண்டிப்பா வாசிச்சிருவோம் சார்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தாள். தை மாதத்திலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தார். முடியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் பிச்சுமணி ஏன் என்று கேட்டிருப்பார். சலீம் அவளைப் பார்த்த பார்வையில் இப்போது என்ன சொல்லித் தட்டிக்கழிப்பாய் என்பது இருந்தது.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள்.

அதன்பிறகு ஒரு வாரம் அவள் அந்த ஒரு உருப்படியோடு மல்லுக்கட்டினாள். ஆலாபனை என்றால் ராகத்தை அடியிலிருந்து மெல்ல வளர்த்து மேலே கொண்டுபோய் நிறுத்துவது. மேலே போகாமல் ஆலாபனை இல்லை. முதலில் அதைக் கச்சேரியின் தொடக்கத்தில் வைத்தாள். உதடு தளரும் முன் முடிந்துவிடும். பிறகு சுருதியை இறக்கினாள். வழக்கமாக இரண்டரைக் கட்டையில் வாசிப்பதை ஒரு கட்டைக்குக் கொண்டுவந்தால் மேல் ஸட்ஜமம் அவருக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்துவிடும்.

"ஒரு கட்டையா?" என்று இசக்கிமணி டெனரைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தாயி, ஒரு கட்டையில கீழ்ப் பஞ்சமம் என் வாத்தியத்துலயே கெடையாது. நான் அங்கன வந்து என்ன பண்ண, வாயால பாடவா?"

"நீங்க ஸட்ஜமத்துல நின்னாப் போதும் அண்ணாச்சி."

"ஒரு மணி நேரம் ஒரே ஸ்வரத்துல நிக்கதுக்கு என்னைய எதுக்குக் கூப்பிடுத? ஒரு சுருதிப் பெட்டி வச்சிக்கிடு."

"அதோட மெயின் ராகத்தை யாராவது முதல்லயே வாசிப்பாங்களா?" என்றான் சலீம். "சுருதியும் வேற. ஒரு கட்டையில வாசிச்சிட்டு மத்ததுக்கு மறுபடி ரெண்டரைக்குப் போகணும். அக்கா, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. அண்ணன் நல்லா வாசிச்சிரக் கூடாதுன்னுதான் இப்படியெல்லாம் பண்ணுதீங்களா?"

விஜயசங்கர் வாய்ப்பகுதியில் பொருத்தும் நாணல் சீவலை, ரீடை, நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். வாயில் ரீடு இருந்ததால் அவர் பேச வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டரையிலயே வாசிக்கலாம்" என்றாள் உமாதேவி. "ஆனா முதல்லதான் வாசிக்கணும். அதுல நான் மாறமாட்டேன்."

ஏன் என்று சலீம் கேட்டான். காரணத்தைச் சொல்ல முடியாது. "என் இஷ்டம்" என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும், அவர்கள் சொல்கிற பெண்ணாகவே தான் ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

கச்சேரி சனிக்கிழமை மாலை. சலீமின் காரில் போனார்கள். இலஞ்சி தாண்டியதுமே வண்டிகள் நின்றுவிட்டன. கேரளத்து வேன்களும் மதுரை பஸ்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு ஜனங்கள் வண்டிகளுக்கு நடுவே நடந்துபோனார்கள். சாரலில் கண்ணாடியைத் திறக்க முடியவில்லை. சலீம் வண்டியை ஓட்ட, மற்ற மூவரும் மடியில் வாத்தியப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். விஜயசங்கர் இடது கன்னத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தார். பல்லா என்று சலீம் கேட்டதற்கு ஆமாம் என்றார்.

ஐந்தருவி போகிற பாதையில் மன்றத்தின் மண்டபம். வாசலில் பிச்சுமணி காத்திருந்தார். கூட்டம் நிறைந்திருந்தது.

"ஒரு சின்ன மாத்தம்" என்றார். "தலைமை விருந்தினர் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ். கரகரப்ரியா கேக்கத்தான் வரார். டிராஃபிக்ல மாட்டிண்டிருக்கார். அதனால அதைக் கடைசியில வச்சுக்கலாம். மத்ததை முதல்ல வாசிச்சுடுங்கோ."

"இல்ல சார், அது முதல்லதான் வரணும்" என்றாள் உமாதேவி. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"ஏம்மா? எப்பவும் பெரிய உருப்படி கடைசியிலதானே வரும்?"

"எல்லாம் அந்த வரிசையில பழகியிருக்கோம்."

"வரிசைதானே, மாத்தினா என்ன? உருப்படி மாறலையே."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல் வலிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அவர் பிச்சுமணியைப் பார்த்து, "பரவால்ல சார். கடைசியிலயே வச்சிக்கிடுவோம்" என்றார்.

"அப்படிச் சொல்லுங்கோ" என்று பிச்சுமணி அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மேடை ஏறும் படியில் அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னங்க பண்ணுதீங்க?"

"நின்னுரும் உமா. இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு."

முதல் நாலு உருப்படிகளிலும் அவரைக் காப்பாற்றுவதுதான் அவள் வேலையாக இருந்தது. அவர் வாசிக்கவேண்டிய இடம் வரும்போது ஒரு கணம் முந்திக்கொண்டு கிளாரினெட்டை நுழைத்தாள். அவர் ஊதாமல் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் கடைசிக்கு மிச்சம். சாரலின் ஈரத்தில் அவள் ரீடு பருத்துப்போய்ச் சத்தம் கனமாக வந்தது. சலீம் இரண்டு முறை திரும்பிப் பார்த்து முறைத்தான். இசக்கிமணி தலையை ஆட்டிக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லி இவளைக் காட்டினாள்.

நீதிபதி வந்து உட்கார்ந்தார். கரகரப்ரியா.

விஜயசங்கர் கண்ணை மூடிக்கொண்டு கீழிருந்து தொடங்கினார். உமாதேவி கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பதினெட்டு வருடமாகக் கேட்கிற வாசிப்பு. கீழ் ஸ்தாயியில் அவர் ஒவ்வொரு ஸ்வரத்திலும் தங்கித் தங்கி, அவசரமே இல்லாமல் ஏறினார். மண்டபத்தில் இருமல்கூட இல்லை. பிச்சுமணி தொடையில் வைத்த கையை எடுக்கவேயில்லை. ஒருவேளை நின்றுவிடும் என்று அவளும் நம்பத் தொடங்கினாள்.

பஞ்சமம் தாண்டி, தைவதம் தாண்டி, நிஷாதத்தில் ஆடிவிட்டு மேல் ஸட்ஜமத்துக்கு ஏறினார். ஒரு கணம் நின்றது. பிறகு ஸ்வரம் இரண்டாக உடைந்தது. உதட்டோரத்தில் காற்று சீறியது மைக்கில் கேட்டது. அவர் இறங்கி, மறுபடி ஏறினார். மறுபடி சீறல். வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

நீ எடுத்து வாசி என்று சொல்லும் பார்வை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் எடுக்கவில்லை.

எத்தனை நேரம் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. மன்றத்தார் வைத்திருந்த சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் புருஷனின் ஆலாபனையை மேடையிலேயே பிடுங்கியவள் என்பார்கள். எடுக்காவிட்டால் அவர் கதி என்ன என்று ஊருக்கே தெரிந்துவிடும். இவை இரண்டும் அவள் யோசித்தவைதான். ஆனால் அவள் கையை உண்மையில் பிடித்து வைத்திருந்தது வேறொன்று. ஒருமுறை, ஒரே ஒரு முறை, அவரே தனியாக நிற்கட்டும் என்று அவளுக்கு இருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்து உதட்டை ஒற்றினார். நெற்றியில் வேர்வை ஊறியிருந்தது. அந்த வேர்வையைப் பார்த்தபிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"அக்கா" என்றான் சலீம், உதடு அசையாமல். "எடுங்கக்கா."

அவள் கிளாரினெட்டை எடுத்து, அவர் விட்ட நிஷாதத்திலிருந்து தொடங்கினாள். மேல் ஸட்ஜமம் நின்றது. அதிலேயே நின்றாள். பிறகு அதற்கும் மேலே போனாள். அந்த ஆறு மாதமும் யாருடைய மூச்சையோ அளந்து எழுதியவளுக்கு இப்போது அளக்க எதுவும் இல்லை. கீழே இறங்கி வரும்வரை பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையே மறந்துபோனாள். பிறகு சலீம் சேர்ந்தான், இசக்கிமணி கீழே பஞ்சமத்தைப் போட்டார், உருப்படி முடிந்தது. கைதட்டல் வந்தபோதுதான் கணவரின் ஞாபகம் வந்தது. அவர் மடியில் சாக்ஸபோனை வைத்துக்கொண்டு எல்லோரையும் போலக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

பிச்சுமணி மேடைக்கே ஓடிவந்தார். "என்ன ஒரு யோசனை! உச்சியில கொண்டுபோய் நிறுத்திட்டு, அந்த மௌனம், அப்புறம் இன்னொரு வாத்தியம் எடுத்துக்கறது! திருநெல்வேலியில நம்ம நண்பர்கள் கச்சேரி வைக்கறா. இதையே அப்படியே அங்கே வாசிக்கணும்."

"வாசிச்சிருவோம் சார்" என்றார் விஜயசங்கர்.

திரும்பும்போது குற்றாலம் பஜாரில் கார் முற்றிலும் நின்றுவிட்டது. சிப்ஸ் கடைகளின் எண்ணெய் வாசம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. சலீம் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே பேசினான்.

"பிச்சுமணி சாருக்குப் புரியாது. எனக்குப் புரியும். முதல் பாட்டுலேருந்து அண்ணன வாசிக்க விடல நீங்க. மனுஷன் நொந்துபோய் மெயின் ராகத்துல பாதியில வச்சிட்டாரு. அப்பவும் உடனே எடுக்காம, எல்லாரும் உங்களைப் பாக்கதுக்குக் காத்திருந்து எடுத்தீங்க. நல்லா வாசிச்சீங்க, இல்லேங்கல. ஆனா இனி நான் வரல. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுங்க."

உமாதேவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வரும் என்று காத்திருந்தாள். வைப்பர் போய்ப் போய் வந்தது. முன்னால் நின்ற வேனிலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்த்துக் கையாட்டியது. பின்னால் பெட்டியின் கொக்கி திறந்து மூடுகிற சத்தம்தான் கேட்டது.

"அவருக்கு உதடு நிக்காது" என்றாள். "தை மாசம் முகவாதம் வந்துது. பல்லு இல்ல. மேல போனா காத்து போயிரும். அதனாலதான் எல்லாத்தையும் நான் மாத்தி எழுதினேன். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இவ்வளவுதான்."

பிறகு பின்கதவு திறந்தது. விஜயசங்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு சாரலில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே தென்காசிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"ஏ விஜயா! ஏலே, நில்லு!" என்று இசக்கிமணி கத்தினார். அவரும் இறங்கினார். டெனர் பெட்டியைச் சீட்டில் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

கார் கொஞ்சம் நகர்ந்தது. இருவரையும் எட்டிப் பிடித்தது. கண்ணாடியை இறக்கி உமாதேவி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வண்டிகள் மறுபடி நின்றன, அவர்கள் முன்னால் போனார்கள். இப்படியே கொஞ்ச தூரம். பிறகு பாதை விட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், சலீம் அவர்களைத் தாண்டிப் போகவேண்டியதாயிற்று.

"அக்கா, நான் பேசினதெல்லாம்..." என்று தொடங்கினான்.

"அத விடு, சலீம்."

"எப்படி விடுதது? ஆறு மாசமா வாயில வந்ததெல்லாம் பேசியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" அவன் குரலில் இப்போதும் கோபம்தான் இருந்தது. மன்னிப்பு கேட்கத் தெரியாத கோபம்.

விஜயசங்கர் அன்று டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். இசக்கிமணி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். விஜயசங்கர் அவளைத் திட்டவில்லை, சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடுவார், பள்ளிக்குப் போவார், வந்து படுப்பார். உமாதேவி எதையாவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து ஒன்று இறங்கிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. முன்பு ரகசியத்தோடு அந்த வீட்டில் அடைபட்டிருந்தாள், இப்போது அவர் மௌனத்தோடு.

பள்ளியில் அவரே போய்ச் சொல்லிவிட்டார். வேறு யாராவது சொல்வதற்குள் தான் சொல்லவேண்டும் என்று நினைத்தார் போல. தலைமையாசிரியை கல்யாணசுந்தரி, "ஊதுததுக்குப் பிள்ளைங்க இருக்காங்க சார், நீங்க சொல்லிக்குடுங்க. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாப்போம்" என்றாராம். இதையும் அவர் உமாதேவியிடம் சொல்லவில்லை. இசக்கிமணி போனில் சொன்னார்.

ஒருநாள் காலையில் அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் விஜயசங்கர் வந்து நின்றார்.

"உடனே எடுத்திருக்கலாம்ல நீ?"

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எடுத்திருக்கலாம்."

"ஏன் எடுக்கல?"

"எடுக்கத் தோணல."

பொய் சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. கை நடுங்கியது, ரீடு சரியில்லை, எதையாவது. ஆனால் அந்த வருடம் அவள் சொன்ன பொய்கள் போதும்.

"நான் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன், உமா. எவ்வளவு நேரம்!"

"நானும் உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தை மாசத்துலேருந்து."

அவர் போய்க் குளித்துவிட்டு வந்தார். ஆனால் அன்று சாப்பிடும்போது சட்னியில் உப்பு குறைவு என்று சொன்னார். வாரக் கணக்கில் சாதாரணமாக அவராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

திருநெல்வேலிக் கச்சேரிக்குப் பிச்சுமணி போன்மேல் போன் போட்டார். ஆவணி பிறந்து ஒரு ஞாயிறு நாலு பேரும் மறுபடி கொட்டகையில் கூடினார்கள். சலீம் முதலில் வரமாட்டேன் என்றவன், எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். உமாதேவியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு டப்பாவை நீட்டினான். "உம்மா குடுத்து விட்டாங்க" என்றான். உள்ளே முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலப்பம் இருந்தது.

"பிச்சுமணி சார் அதையே வாசிக்கச் சொல்லுதாரு" என்றார் விஜயசங்கர். "நான் மேல போய் நிறுத்தணுமாம். அப்புறம் அந்த மௌனமாம். அப்புறம் நீ எடுக்கணுமாம்."

"அதை நான் வாசிக்க மாட்டேன்" என்றாள் உமாதேவி.

"அவருக்குப் பிடிச்சிருக்கு..."

"பிடிச்சிருக்கட்டும். நீங்க அங்கன நின்னதை நான் தினமும் ஒத்திகை பாக்கணுமா? முடியாது. வேணும்னா நானே அவர்ட்ட சொல்லுதேன்."

இசக்கிமணி தொண்டையைச் செருமினார். "அப்ப என்னதான் வாசிக்கது?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள். இந்தத் தடவை சந்தேகமாக அல்ல, அவள்தான் சொல்லவேண்டும் என்பதுபோல. அவளுக்கு அதுவும் பாரமாகத்தான் இருந்தது. என்ன வாசிக்கவேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. ஆறேழு மாதமாக எது கூடாது என்றே பார்த்துப் பார்த்து, எது வேண்டும் என்று பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"எனக்குத் தெரியல" என்றாள். "நீங்க மூணு பேரும் சொல்லுங்க. பிறகு நான் யோசிக்கேன்."

முதலில் பேசியது விஜயசங்கர்தான்.

"எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல உதடு பிடிக்காது. மேல் ஸட்ஜமம் வேண்டவே வேண்டாம். அதை வச்சிக்கிட்டு எதுன்னாலும் சரி." தரையைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருவரின் உதட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப அண்ணன் கீழ் ஸ்தாயி மட்டும் வாசிக்க மாதிரி ஒரு தோடி?" என்றான் சலீம்.

"தோடியா? நாலு பேரு சேந்து தோடிக்குக் கமகம் பிடிச்சா கோழி கூவுத மாதிரி இருக்கும்லே" என்றார் இசக்கிமணி.

"நீங்க ஸட்ஜமத்துல நில்லுங்க அண்ணாச்சி."

"மறுபடியும் என்னைய சுருதிப் பெட்டியாக்குதியா?"

விஜயசங்கர் லேசாகச் சிரித்தார். உமாதேவி சிரிக்கவில்லை. ஆனால் பென்சிலை எடுத்துக்கொண்டாள். தோடி வேண்டாம் என்று சொன்னாள். ஏன் என்று சலீம் கேட்டான். "எனக்குப் பிடிக்கல" என்றாள். அது உண்மையாக இருந்தது.

இருட்டும்வரை சண்டை போட்டார்கள். இசக்கிமணி ஊருக்குப் போகிற இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டார். கடைசியில் நாலு பேரும் ஒத்துக்கொண்ட இரண்டே இரண்டு உருப்படிகள்தான் முடிவாயின.